கடப்பாடு: கடப்பதா, கட்டுப்படுவதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்காக இயங்கும் ஓர் அமைப்பின் அறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றிய ஒரு வரியில் ‘கமிட்மென்ட்’ என்ற சொல் வருகிறது. நீங்கள் ‘கடப்பாடு’ என்று எழுதினீர்கள். உங்கள் மேலாளர், ‘கட என்றால் தாண்டு, மீறு. கடவுச்சொல், கடவுச்சீட்டு, கடத்தல் எல்லாமே தாண்டுவதுதான். அப்படியிருக்கக் கடப்பாடு எப்படிக் கட்டுப்படுவதைக் குறிக்கும்?’ என்று கேட்டு, அதை ‘அர்ப்பணிப்பு’ என்று மாற்றிவிட்டார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் கடைசி வரியில்தான் கேள்வியின் உயிர் இருக்கிறது: ஒரு சொல்லின் வேரே அதன் பொருளுக்கு எதிராகச் சாட்சி சொன்னால், அந்தச் சொல்லை நம்பி எழுதலாமா?

நான் 22 ஆண்டுகளாக மொழிபெயர்த்துப் பிழைப்பவன். பெரும்பாலும் ஒப்பந்தங்கள், கடன் ஆவணங்கள், தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகள். தமிழ் இலக்கியம் முறையாகப் படித்தவன். கல்வெட்டுத் தமிழை விருப்பத்தால் கற்றுக்கொண்டேன். ஆனால் நான் வேர்ச்சொல் ஆய்வாளன் அல்ல. ஆகவே சொல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எங்கெங்கே எப்படிப் புழங்கியிருக்கிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். அதன் அடிவேர் பற்றிப் பேசும்போது, அங்கே அறிஞர்களே ஒரு முடிவுக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

கடப்பாடு என்ற சொல்லின் பின்பாதியில் எந்தச் சிக்கலும் இல்லை. படு என்ற வினையின் முதலெழுத்து நீண்டு பாடு என்ற பெயராகிறது. கெடு கேடு ஆவதும், சுடு சூடு ஆவதும், பெறு பேறு ஆவதும் இதே வழியில்தான். ஈடுபடு என்பதிலிருந்து ஈடுபாடு, உடன்படு என்பதிலிருந்து உடன்பாடு, கட்டுப்படு என்பதிலிருந்து கட்டுப்பாடு. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் கடப்பாட்டுக்கு முன்னால் ‘கடப்படு’ என்ற வினை இருந்தாக வேண்டும். அந்த வினை இன்றைய தமிழில் நம் காதில் விழுவதில்லை. நாம் கடன்படு, கடமைப்படு என்கிறோம். ஆனால் பக்கத்து வீட்டில் அது உயிரோடு இருக்கிறது. மலையாளத்தில் ‘கடப்பெடுக’ என்றால் நன்றிக்கடன் படுவது, கட்டுப்பட்டிருப்பது. ‘உங்களுக்குக் கடப்பட்டிருக்கிறேன்’ என்பதை அவர்கள் இந்த வினையை வைத்தே சொல்வார்கள். மலையாளப் பத்திரிகைகளில் பிறரிடமிருந்து பெற்ற படத்தின் கீழே ‘கடப்பாடு’ என்று போட்டு, படம் தந்தவரின் பெயரை எழுதுவார்கள். நாம் ‘நன்றி’ என்று போடும் இடம் அது. படத்துக்காக நாங்கள் இவருக்குக் கடன்பட்டவர்கள் என்று பொருள். நம்முடைய கடப்பாடும் அவர்களுடைய கடப்பாடும் ஒரே சொல்தான்.

இதிலிருந்தே முன்பாதி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும் தெளிவாகிவிடுகிறது. அது கடன், கடமை என்ற குடும்பம். மலையாளத்தில் கடம் என்றால் கடன், கடம என்றால் கடமை. கன்னடத்தில் கட என்றால் கைமாற்றாக வாங்கும் கடன். பரோ, எமனோ என்ற மொழியியலாளர்கள் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (முதல் பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984) தாண்டுதல் என்னும் பொருளுள்ள ‘கட’ என்பதை ஓர் இடத்திலும், கடன், கடமை ஆகியவற்றை வேறோர் இடத்திலும் தனித்தனிப் பதிவுகளாக வைத்திருக்கிறது. உங்கள் மேலாளர் சொன்ன கடவுச்சீட்டும் கடத்தலும் முதல் பதிவைச் சேர்ந்தவை. கடப்பாடு இரண்டாவதைச் சேர்ந்தது. எழுத்து ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டார்; அதுதான் அவருடைய தவறு.

அகராதி சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம், தமிழே இதைக் காட்டிக்கொடுக்கிறதா என்று பாருங்கள். ‘செய்யக் கடவேன்’ என்றால் செய்யக் கட்டுப்பட்டவன். ‘ஆணை கடவேன்’ என்றால் ஆணையை மீறமாட்டேன். தன்மையில் இரண்டும் ஒரே வடிவம். ஒருவேளை முதலாவதும் ‘மீறமாட்டேன்’ என்பதிலிருந்தே வந்திருக்குமோ என்று எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. மீறமாட்டேன் என்பதே கட்டுப்பட்டிருக்கிறேன் என்று மாறியிருந்தால் எவ்வளவு அழகாக இருக்கும்! ஆனால் படர்க்கைக்கு வந்தவுடன் அந்த ஆசை உடைந்துவிடுகிறது. எதிர்மறை என்றால் மறவான், நடவான் போலக் ‘கடவான்’ என்றும், அஃறிணையில் ‘கடவாது’ என்றும் வர வேண்டும். கட்டுப்பாட்டைச் சொல்லும்போது வருவதோ ‘கடவன்’, ‘கடவது’ என்ற குறில் வடிவம். பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் ‘வெளிச்சம் உண்டாகக்கடவது’, ‘காதுள்ளவன் கேட்கக்கடவன்’ என்று படித்திருப்பீர்கள். அவை மறுப்புகள் அல்ல. உடையன், உடையது போன்ற, காலம் காட்டாத குறிப்பு வினைகள். இன்னொன்றும் பாருங்கள். தாண்டுதலுக்குக் கடந்தான், கடக்கிறான், கடப்பான் என்று மூன்று காலமும் உண்டு. கடவன், கடவது என்பதற்குக் காலமே இல்லை. ‘நேற்று அவன் கடந்தான்’ என்றால் எந்தத் தமிழ்க் காதுக்கும் அவன் நேற்று கடமைப்பட்டிருந்தான் என்று கேட்காது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: பிற்காலக் கல்வெட்டுகளில் ‘கடவார்களாகவும்’ என்று நெடில் வந்த வடிவம் கடமைப் பொருளிலேயே வருகிறது. ஆகவே பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றோடொன்று உரசியிருக்கின்றன. ஆனாலும் கடவது என்பது கடவாது ஆகவில்லை. எனக்கு அது போதுமான சான்றாகத் தெரிகிறது.

இனி ஐயத்துக்குரிய பகுதி. இரண்டு கடவும் இன்னும் ஆழத்தில், எழுத்துக்கு முந்திய காலத்தில், ஒரே வேரிலிருந்து பிரிந்திருக்குமா? அப்படிக் கருதுவோர் உண்டு. கடன் என்பது ஒரு கையிலிருந்து மறுகைக்குக் கடந்து போவது என்பார்கள். கடந்து முடிக்க வேண்டியதுதான் கடன் என்றும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இடையில் இருக்க வேண்டிய சான்று, அதாவது தாண்டுதலும் கடன்படுதலும் ஒரே சொல்லில் கலந்து நிற்கும் பழைய சொல்லாட்சியை, நான் அறிந்தவரை யாரும் காட்டியதில்லை. ‘கடந்தும் உள்ளும் இருப்பவர் கடவுள்’ என்று பிரித்துக் காட்டுவதைப் போலத்தான் இதுவும். மனதுக்குப் பிடித்த விளக்கம் என்பதால் அது வரலாறு ஆகிவிடாது. இந்த இடத்தை ‘இருக்கலாம்’ என்ற சொல்லோடு விட்டுவிடுவதுதான் நேர்மை.

வேரை விட்டுவிட்டு வாழ்க்கையைப் பார்ப்போம். ஒரு சொல்லை நம்பலாமா என்பதற்கு அது எப்படி நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் நல்ல சாட்சி. கடப்பாடு தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, அதுவும் எழுத்திலக்கணத்தில். குற்றியலுகரம் சொற்கள் சேருமிடத்தில் குறுகுவதைப் பற்றிச் சொல்லும்போது ‘கடப்பாடு அறிந்த புணரியலான’ என்கிறார் தொல்காப்பியர். அங்கே கடப்பாடு என்றால் முறைமை, அதாவது ஓர் எழுத்து எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அந்த ஒழுங்கு. உணர்ச்சி எதுவும் அதில் இல்லை. பிறகு எல்லோருக்கும் தெரிந்த குறள், 211: ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு என்ஆற்றுங் கொல்லோ உலகு.’ மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்கிறது? அப்படித் திருப்பி எதிர்பாராமல் செய்யும் உதவியை வள்ளுவர் கடப்பாடு என்கிறார். இதற்கு உரை எழுதும் பரிமேலழகர், தவிர்க்கக்கூடியது அல்ல என்னும் கருத்து கடப்பாடு என்ற பெயராலேயே கிடைக்கிறது என்று விளக்குகிறார். உங்கள் மேலாளர் கேட்ட கேள்விக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே பதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்தக் குறளில் ஒரு நுட்பமான மடிப்பு இருக்கிறது. கடன் என்றால் வாங்கியதைத் திருப்பித் தருவது. மழை யாரிடமும் எதையும் வாங்கவில்லை. வாங்காத ஒன்றுக்கு எப்படிக் கடன்பட முடியும்? வள்ளுவர் அந்தச் சொல்லைத்தான் வேண்டுமென்றே எடுக்கிறார். கொடுக்க முடிகிறவர் கொடுக்கக் கடன்பட்டவர், அவ்வளவுதான். இதே குரலைப் புறநானூறு 312இல் கேட்கலாம். பெற்று வளர்ப்பது என் கடன், சான்றோன் ஆக்குவது தந்தைக்குக் கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்குக் கடன் என்று தொடங்கி, அரசன் வழியாகப் போர்க்களத்தில் நிற்கும் இளைஞன்வரை ஐந்து பேருக்கு ஐந்து கடனைப் பிரித்துக் கொடுக்கிறார் பொன்முடியார். இந்த ஐவரில் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, சத்தியம் செய்யவில்லை. அவரவர் நிற்கும் இடமே அவரவரைக் கட்டுகிறது. அப்பர் பாடும்போது இது இருபக்கமும் வெட்டும் சொல்லாகிவிடுகிறது: ‘தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே.’ நாம் இரண்டாம் பாதியை மட்டும் மேற்கோள் காட்டிப் பழகிவிட்டோம். முதல் பாதியில் அவர் இறைவனுக்கே ஒரு கடனைச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

இலக்கியத்தைவிடக் கல்வெட்டில்தான் இந்தச் சொல்லின் எலும்பு தெரியும். சோழர் காலத்தில் கோயிலுக்கு அணையா விளக்கு வைக்க விரும்பியவர் பெரும்பாலும் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவதில்லை. ஆடு கொடுப்பார். ஒரு விளக்குக்குத் தொண்ணூறு ஆடு. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் 96. அந்த ஆடுகளை ஓர் இடையர் பொறுப்பேற்றுக்கொண்டு, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு! ஆடு சாகும்தான், கிழடாகும்தான். ஆனால் குட்டிகள் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். கணக்கில் எண்ணிக்கை ஒருபோதும் குறையக் கூடாது. இவ்வளவையும் சொன்ன பிறகு ‘சந்திராதித்தவல்’, சந்திரனும் சூரியனும் உள்ளளவும் என்று சேர்த்து, ‘எரிக்கக் கடவோம்’, ‘அட்டக் கடவோம்’ (ஊற்றக் கடவோம்) போன்ற ஒரு வாசகத்தில் முடிப்பார்கள். பொறுப்பேற்றவர் இறந்தால் அவர் மகன், அவருக்குப் பின் அவர் மகன்.

ஒருமுறை ஒரு பழைய கோயிலின் வெளிச்சுவரில் இப்படி ஒரு வரியை விரலால் தடவித் தடவிப் படித்தேன். எழுத்துகள் பாதி சுண்ணாம்புக்குள் புதைந்திருந்தன. கொடுத்தவர் பெயர் சிதைந்துவிட்டது, ஆட்டின் எண்ணிக்கையும் சிதைந்துவிட்டது. ‘கடவோம்’ மட்டும் முழுசாக இருந்தது. அன்றிலிருந்து கமிட்மென்ட் என்ற சொல் என் மேசைக்கு வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இந்த வாக்கியத்தில் ‘கடவோம்’ என்று சொல்லக்கூடியவர் யார்? நெய் அளக்கப்போவது யார்? அப்படி ஓர் ஆள் இருந்தால் அது கடப்பாடு. இல்லாவிட்டால் அது வேறு ஏதோ ஒன்று.

அப்படியானால் இவ்வளவு வலுவான சொல் ஏன் உங்கள் மேலாளருக்கு உவப்பாக இல்லை? காரணம் வேர் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். இந்தக் குடும்பத்துச் சொற்கள் காலப்போக்கில் குளிர்ந்துவிட்டன. பிற்காலச் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் கடமை என்றால் நிலவரி. கட்டியே தீர வேண்டிய தொகை. இன்றோ ‘கடனே என்று செய்தான்’ என்றால் மனமில்லாமல் செய்தான். ‘ஏதோ கடமைக்கு வந்து தலையைக் காட்டினான்’ என்றால் வராமலே இருந்திருக்கலாம் என்று பொருள். காலைக்கடன், இறுதிக்கடன், நேர்த்திக்கடன், நன்றிக்கடன் என்ற கூட்டுச்சொற்களில் பழைய கண்ணியம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனியாக நிற்கும்போது கடமை வறண்டுவிட்டது. ஓர் அமைப்பின் அறிக்கையில் நெஞ்சுக்கு நெருக்கமான சொல் வேண்டும் என்று ஒருவர் நினைத்தால், அவர் அர்ப்பணிப்பை நோக்கிப் போவது இயல்புதான். அந்தத் தேவையை நான் மதிக்கிறேன்.

ஆனால் அர்ப்பணிப்பு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அது வடமொழியில் ‘செல்’ என்ற பொருள்கொண்ட வேரின் பிறவினையிலிருந்து வருவது: செல்லச் செய், கொண்டு சேர், கையில் ஒப்படை, படை. கீதையில் ‘மதர்ப்பணம்’ என்று வருவது, செய்வதையெல்லாம் எனக்குப் படைத்துவிடு என்ற பொருளில். (வேரை வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் இதுவும் ‘போகவிடுதல்’ ஆகிவிடும். அந்த அளவுகோலை யார்மேலும் வைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.) அர்ப்பணிப்பில் இருப்பது கொடை. கொடுப்பவர் விரும்பிக் கொடுக்கிறார். பெறுபவர் அதைக் கேட்டு வாங்க முடியாது. தன் வாழ்நாளை இசைக்கு அர்ப்பணித்தார் என்கிறோம். இசை அவரிடம் கணக்குக் கேட்காது. இந்தச் சொல்லின் அழகும் அதுதான், எல்லையும் அதுதான்.

அந்த எல்லையை மீறினால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு உற்பத்தியாளர் குழுவுக்குக் கடன் கொடுத்த ஒரு நிறுவனம், ஒப்பந்தத்தின் தமிழ்ப் படியைச் சரிபார்க்க என்னிடம் அனுப்பியது. அதில் ‘அர்ப்பணிப்புக் கட்டணம்’ என்று ஓர் உருப்படி. ஆங்கிலத்தில் அது ‘கமிட்மென்ட் சார்ஜ்’. இவ்வளவு தொகையை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம், அதில் நீங்கள் எடுக்காமல் விட்ட பகுதிக்கு ஒரு சிறு கட்டணம் என்பது அதன் பொருள். நான் குழுவின் பொருளாளரிடம் தொலைபேசியில் பேசினேன். அந்த அம்மா கேட்டார்: ‘சார், அர்ப்பணிப்புக் கட்டணம்னு போட்டிருக்கே, இது காணிக்கை மாதிரிங்களா? விருப்பப்பட்டாக் குடுக்கறதா?’ அவர் படித்தது முற்றிலும் சரி. தமிழ் அப்படித்தான் சொல்லியிருந்தது. கட்டியே ஆக வேண்டிய ஒரு தொகையை, விரும்பினால் கொடுக்கும் படையல் என்று எழுதி அவரிடம் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். அந்த வரியை ‘எடுக்காத கடன் தொகைக்கான ஒதுக்கீட்டுக் கட்டணம்’ என்று மாற்றி, கீழே இரண்டு வரி விளக்கமும் சேர்க்கச் சொன்னேன். நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அவர் கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கடப்பாடு, அர்ப்பணிப்பு இரண்டுமே தொடாத ஒரு பொருளும் கமிட்மென்ட்டில் உண்டு: வாயால் சொல்லித் தன்னைக் கட்டிக்கொள்வது. தமிழில் அதற்குப் பழைய சொல் சூள். வஞ்சினம் அதன் கடுமையான வகை. வஞ்சினத்தின் வாய்பாட்டைத் தொல்காப்பியம் ஒரே வரியில் தருகிறது: ‘இன்னது பிழைப்பின் இதுவாகியர்.’ இதில் நான் தவறினால் எனக்கு இது நேரட்டும். புறநானூறு 72இல் பாண்டியன் நெடுஞ்செழியன், பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான். தவறினால் தான் இழக்கப்போவதைத் தானே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறான். காதலிலும் இது உண்டு. குறுந்தொகை 53இல், ஆற்றுத்துறையில் முன்கையைப் பற்றிக்கொண்டு அஞ்சத்தக்க தெய்வமகளிரைச் சாட்சியாக்கி நீ செய்த சூள் எங்களை வருத்துகிறது என்று தோழி தலைவனிடம் சொல்கிறாள். இன்று சூள் வழக்கில் இல்லை. அந்த இடத்தில் வாக்குறுதி, உறுதிமொழி என்கிறோம். உறுதிமொழியிலிருந்து தண்டனை கழன்றுவிட்டது, அது ஒரு குறைதான். என்றாலும் ‘நாங்கள் இதைச் செய்வோம்’ என்று வெளிப்படையாக அறிவிக்கும் இடத்துக்கு அதுவே பொருந்தும்.

ஆங்கிலச் சொல்லையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம், ஏனென்றால் குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இலத்தீனில் கொம்மித்தெரே என்றால் சேர்த்து அனுப்பு, ஒப்படை. கமிட்டி என்ற சொல்லும் அதே வீட்டுப் பிள்ளைதான்: ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டவர்கள். அந்த ஒப்படைப்பிலிருந்து சிறையில் ஒப்படைத்தல், குற்றம் செய்தல், வாக்குக் கொடுத்தல், மனம் வைத்தல் என்று பல கிளைகள். ஒரே தமிழ்ச்சொல் அத்தனையையும் தாங்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆனால் நம் பேச்சுத்தமிழ் அந்தச் சொல்லை என்ன செய்திருக்கிறது பாருங்கள். ‘அன்னிக்கு எனக்கு வேற கமிட்மென்ட் இருக்கு’ என்றால் வேறு ஒருவருக்கு நேரம் கொடுத்துவிட்டேன். ‘அவன் கமிட் ஆயிட்டான்’ என்றால் காதலில். ‘இப்போ வேலையை விட முடியாது, நிறைய கமிட்மென்ட் இருக்கு’ என்றால்? வீட்டுக்கடன் தவணை, பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவம். இந்த மூன்றாவது பயன்பாட்டை நான் எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறேன். வங்கிக்குத் தர வேண்டியதையும் பெற்றோருக்குச் செய்ய வேண்டியதையும் ஒரே சொல்லில் அடக்குகிறார்கள். கடன் என்ற நம் பழைய சொல் செய்துகொண்டிருந்த வேலை அச்சு அசலாக இதுதான். புறநானூற்றுத் தாய் ‘என்தலைக் கடனே’ என்ற இடத்தில் இன்று ஒருவர் ‘என் கமிட்மென்ட்’ என்கிறார். சொல் இறக்குமதி, அது வந்து உட்கார்ந்த நாற்காலி நம்முடையது. கடப்பாடு என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு அந்நியமாக இருக்கும் என்ற அச்சத்துக்கு இதுதான் என் மறுமொழி. பொருள் அவருக்கு அன்றாடம் தெரிந்தது, சொல்தான் சற்றுத் தூரத்தில் இருக்கிறது. ஈழத்து எழுத்தில் அந்தத் தூரமும் இல்லை. சட்டக் கடப்பாடு, சமூகக் கடப்பாடு என்பவை அங்கே நாள்தோறும் புழங்கும் சொற்கள்.

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன். குழந்தைகளின் பாதுகாப்பு என்பது ஓர் அமைப்பு மனமுவந்து அளிக்கும் கொடை அல்ல. குழந்தை அதைக் கேட்கலாம், பெற்றோர் கேட்கலாம், சட்டம் கேட்கும். கணக்குக் கேட்க ஆள் இருக்கும் இடத்தில் அர்ப்பணிப்பு என்று எழுதுவது, கட்ட வேண்டியதைக் காணிக்கை ஆக்கிய அந்த ஒப்பந்தத்தின் பிழையைத்தான் திரும்பச் செய்வதாகும். ஆகவே இந்த வரியில் நீங்கள் எழுதியதே சரி. உங்கள் அறிக்கையின் வேறு பக்கத்தில், பல ஆண்டுகள் ஊதியம் பாராமல் உழைத்த தன்னார்வலர்களைப் பற்றி ஒரு பத்தி வருகிறது என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அங்கே அர்ப்பணிப்பை வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அது பொருந்தும், மேலாளரும் மகிழ்வார். நன்கொடையாளர்களுக்கு அடுத்த ஆண்டு செய்யப்போவதைச் சொல்லும் இடத்தில் உறுதிமொழி என்று எழுதுங்கள்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்கிறேன். ‘குழந்தைகளின் பாதுகாப்பில் எங்கள் நிறுவனம் கடப்பாடு கொண்டுள்ளது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடப்பாட்டுக்கு யாருக்கு, எதைச் செய்ய என்ற இரண்டும் வேண்டும்; ‘இல்’ உருபு ஈடுபாட்டுக்குரியது. தமிழில் இந்தக் கருத்து பெயராக நிற்பதைவிட வினையாக நிற்கும்போதுதான் உயிர் பெறும் என்பது என் அனுபவம். ‘எங்களிடம் வரும் ஒவ்வொரு குழந்தையையும் பாதுகாக்க நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்’ என்று எழுதிப் பாருங்கள். கடப்பாடு என்ற சொல்லே இருக்க வேண்டும் என்றால், ‘எங்களிடம் வரும் ஒவ்வொரு குழந்தையையும் பாதுகாக்கும் கடப்பாடு எங்களுக்கு உண்டு.’ மேலாளர் மறுபடியும் வேரைப் பற்றிக் கேட்டால் கடவான், கடவன் இரண்டையும் ஒரு தாளில் அருகருகே எழுதிக் காட்டுங்கள்.